இருபத்து மூன்றாம் பக்கம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. பால் பொங்குகிற வரைக்கும் அடுப்படியில் நிற்கமாட்டேன். பேருந்து நிற்பதற்கு முன்பே படிக்கட்டில் இருப்பேன். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பதினான்கு வருஷமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன்.

வேலை இதுதான். கீழ்க்கோர்ட்டில் தோற்றவர்கள் மேலே வருகிறார்கள். மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். சில மாதம் கழித்துத் தீர்ப்பை எழுதி வெளியிடுகிறார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வாரத்துத் தீர்ப்புகள் எல்லாம் கணினியில் ஏறும். யார் வந்து வழக்கு எண்ணைச் சொன்னாலும் நான் தேடி எடுத்து, அச்சிட்டு, ஓரத்தில் ஒரு பின் அடித்துக் கையில் கொடுப்பேன். அதோடு சரி. என் மேஜைமேல் ஒரு பலகை இருக்கிறது: ‘தீர்ப்புகள் தேடித் தரப்படும். பொருள் சொல்லப்படமாட்டாது.’ எங்கள் மேற்பார்வையாளர் வைத்தது. நாங்கள் அவரை ரூல்ஸ் என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாமல்.

ஆனால் இருபது பக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு ஆள் திருதிருவென்று விழித்தால், நான் என்ன கல்லா? ரூல்ஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது மெதுவாகச் சொல்வேன்: “கடைசிப் பக்கத்தைப் பாருங்க.” உறுதி செய்கிறோம் என்று இருந்தால் கீழ்க்கோர்ட்டு சொன்னதே நின்றுவிட்டது. ரத்து செய்கிறோம் என்று இருந்தால் பிழைத்தார்கள். நடுவில் இருப்பதெல்லாம் வக்கீல்களுக்கு. இப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கடைசிப் பக்கம் என்று பெயர் வந்துவிட்டது. வாசலில் நிற்கிற காவலாளிகூட, “உள்ள போங்க, கடைசிப் பக்கம் இருப்பாங்க” என்றுதான் ஆட்களை அனுப்புவார்.

இதைக் கேட்காத ஒரே ஆள் அந்தப் பிளம்பர். வியாழக்கிழமை தோறும் ஸ்பானர் பையை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, பொதுமக்கள் கணினியில் உட்கார்ந்து, புதிதாக வந்த தீர்ப்புகளை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிப்பார். அவருடைய சொந்த வழக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே முடிந்துபோனது. “நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள ஜட்ஜ் ரிட்டயரே ஆயிடுவார்” என்று நான் கிண்டல் செய்வேன். ஒருநாள் அவர் சொன்னார், “என் கேஸ்ல நாலாம் பக்கத்துல எனக்குச் சாதகமா ஒரு வழி சொல்லியிருந்தாங்க மேடம். நான் கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். தெரிய வர்றதுக்குள்ள மனு போடற கெடு முடிஞ்சிருச்சு.” கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் வந்தவரிடம் அதையேதான் சொன்னேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

இப்போது என் தம்பியின் கதைக்கு வருகிறேன். ஒரு பெயின்ட் கிடங்கில் வேலை பார்த்தான். முதலாளியோடு வாய்த் தகராறு, வேலை போயிற்று. ஒரு வாரம் கழித்துக் கிடங்கு எரிந்தது. ஒரு தொழிலாளியின் கை வெந்துபோனது. மஞ்சள் பட்டை போட்ட ஜாக்கெட்டில் இவன் ஓடியதைப் பார்த்ததாகக் கிடங்குக் காவலாளி சாட்சி சொன்னார். பன்னிரண்டு வருஷம் போட்டார்கள். தீ வைத்தானாம். கொசுவர்த்தியை ஏற்ற மூன்று தீக்குச்சி செலவழிக்கிறவன் அவன். நான் இதைக் கோர்ட்டிலேயே சொல்லியிருப்பேன், என்னை யாரும் கேட்கவில்லை.

நாலு வருஷம் ஆயிற்று. மேல்முறையீடு போட்டு, வாதம் முடிந்து, ஏழு மாதமாகத் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். ஒவ்வொரு வியாழனும் ஒன்பதரைக்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பத்து அடித்ததும் அவன் வழக்கு எண்ணைத்தான் முதலில் தட்டுவேன். ‘பதிவு இல்லை’ என்று வரும். அப்பாடா என்றும் இருக்கும், ஐயோ என்றும் இருக்கும். “அதை நீங்களே படிக்காதீங்க, நான் படிச்சுட்டுக் கூப்பிடறேன்” என்று தம்பிக்காக வாதாடிய வக்கீலம்மா பலமுறை சொல்லியிருந்தார். நானும் பலமுறை தலையாட்டியிருந்தேன்.

வியாழக்கிழமைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அன்றைக்குப் பதினொன்றரை மணிக்குத் தம்பி சிறையிலிருந்து பேசுவான். பத்தே நிமிஷம். அவன் பெண்டாட்டியின் போனுக்குத்தான் பேச அனுமதி. அவள் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். வியாழன் மட்டும் போனை ஏப்ரன் பையில் வைத்துக்கொள்ள அங்கே விட்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை பத்து மணி நாலு நிமிஷத்துக்கு எண்ணைத் தட்டினேன். பதிவு வந்தது. இருபத்து மூன்று பக்கம்.

முதல் பக்கம் திரையில் நின்றது, எழுத்தெல்லாம் கண்ணில் பட்டது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பதினான்கு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதைச் செய்தேன். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

‘புகைக்குள், எழுபதடி தூரத்தில், ஒரு ஜாக்கெட்டைப் பார்த்த சாட்சி முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஜாக்கெட்டை நம்பி ஒரு மனிதனைப் பன்னிரண்டு வருஷம் அடைத்து வைக்க முடியாது. இந்தத் தண்டனை ரத்து செய்யப்பட்டு, மேல்முறையீட்டாளர் விடுவிக்கப்பட வேண்டும்.’ கீழே ஒரு நீதிபதியின் கையெழுத்து.

நான் அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ரூல்ஸ் எழுந்து வந்தார். “தம்பி வர்றான் சார்” என்றேன். அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிளம்பர் எழுந்து நின்று கையைக் கூப்பினார்.

பத்து ஏழுக்குத் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம்.

“என்னக்கா, இந்த நேரத்துல?”

“ரத்து பண்ணிட்டாங்கடி. உன் புருஷன் வீட்டுக்கு வர்றான்.”

துணி மூட்டையைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “நிஜமாவாக்கா? நீங்களே படிச்சீங்களா?” என்றாள்.

“என் கண்ணால படிச்சேன். பதினாலு வருஷமா இதைத்தானே படிக்கறேன்?”

இந்த வாயை என்ன செய்வது?

வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தீர்ப்பை அச்சிட்டுப் பின் அடித்துக் கைப்பையில் வைத்தேன், படிக்கவில்லை. இனி என்ன படிக்க இருக்கிறது என்று நினைத்தேன். அவனுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இருக்கிறதா, இளைத்திருப்பானே, பழைய பேன்ட் இடுப்பில் நிற்காதே என்று யோசனை ஓடியது. வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். பிளம்பர் என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் பை இல்லை, போகிற மாதிரியும் இல்லை.

“மேடம், தம்பி கேஸை நானும் எடுத்துப் படிச்சேன். தப்பா நினைக்காதீங்க.”

“படிங்களேன், நல்ல சேதிதானே.”

“முதல் பக்கத்துல ஒரு வரி இருக்கு. எனக்குச் சரியாப் புரியல.”

“எது புரியல? அதான் ரத்துன்னு இருக்கே. சட்டத்தை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?”

கோபமாகத்தான் சொன்னேன். அவர் அசையவில்லை. “நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க மேடம்” என்றார். முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

கைப்பையிலிருந்து எடுத்தேன். முதல் பக்கம், வழக்கு எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில்: ‘தலைமை நீதிபதி எழுதிய தீர்ப்பு. இரண்டாம் நீதிபதி உடன்படுகிறார். மூன்றாம் நீதிபதி மாறுபட்டுத் தனியே எழுதுகிறார்.’

பதினான்காம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கேதான் தீர்ப்பு முடிந்திருந்தது. ‘சாட்சியை நம்புவதா வேண்டாமா என்பதை, அவரை நேரில் பார்த்துக் கேட்ட கீழ்க்கோர்ட்டே முடிவு செய்ய வேண்டும். அதை இங்கே மறுபடி எடைபோட முடியாது. தண்டனை உறுதி செய்யப்படுகிறது.’ பதினைந்திலிருந்து இருபத்து மூன்று வரை ஒரே ஒருவர், மற்ற இருவரோடும் ஒத்துப்போகாமல், தனியாக எழுதியது. இப்படி வருவது அபூர்வம். வந்தாலும் தனிக் கோப்பாக வரும். இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் வைத்திருந்தார்கள். இதெல்லாம் தெரியாதவளா நான்? மூன்றில் இரண்டு எந்தப் பக்கமோ அதுதான் தீர்ப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தம்பி வரவில்லை. இதை எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரைக்கு அவன் கூப்பிடுவான். அவள் எடுத்ததும் சொல்லிவிடுவாள்.

போன் போட்டேன். வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி போட்டேன், அப்படியே. அம்மா வீட்டுக்குச் சொல்கிறாளோ, அவள் அக்காவுக்குச் சொல்கிறாளோ, யார் யாருக்கோ என் பொய்யைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து முறை போட்டேன். எழுத்தில் அனுப்பலாம் என்று விரலை வைத்தேன். என்னவென்று எழுத? ‘உடனே கூப்பிடு’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை.

கிளம்பினேன். ரூல்ஸ் வழியில் நின்றார்.

“எங்க போறீங்க?”

“தப்பாச் சொல்லிட்டேன் சார். அவன் வரல. பதினொன்றரைக்குள்ள நான் அங்க போகணும்.”

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பலகையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். “ரெஜிஸ்டர்ல எழுதிட்டுப் போங்க” என்றார். பிறகு, “சரி, நானே எழுதிக்கறேன், போங்க” என்றார்.

சலவைக்கூடம் ஏழு நிறுத்தம் தள்ளி. பேருந்து உடனே வந்தது, அதுவரைக்கும் அதிர்ஷ்டம். மூன்றாவது நிறுத்தத்தில் ஒருவர் சக்கர நாற்காலியோடு ஏறினார், ஓட்டுநர் இறங்கிச் சாய்தளத்தை இறக்கிப் பட்டையை மாட்டினார். செய்ய வேண்டியதுதான், ஆனால் நான் ஒவ்வொரு நொடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவதில் சிவப்பு விளக்கு. ஐந்தாவதில் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, ஆனாலும் நிறுத்தினார். பதினொன்று இருபத்தாறு. போன் போட்டேன், இப்போது மணி அடித்தது, எடுக்கவில்லை. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருப்பாள், அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. இன்றைக்கு மட்டும் சிறையில் வரிசை நீளமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாலு வருஷமாக அவனுக்குச் சீக்கிரம் முறை வரவேண்டும் என்று வேண்டியவள், அன்றைக்கு அவன் முறை வரக்கூடாது என்று வேண்டினேன். பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சொல்லாத நாள் இல்லை.

இறங்கி ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது, கையில் எடுத்துக்கொண்டேன். சலவைக்கூடத்தின் பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே வெக்கை. வெள்ளைப் போர்வைகள் மலை மலையாக. நடுவில் ஐந்தாறு பெண்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் தம்பி பெண்டாட்டி, போன் காதில், கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு. சுவரில் மணி பதினொன்று முப்பத்து நாலு.

“அக்காவே வந்துட்டாங்க” என்றாள் போனில். “இருங்க, அவங்ககிட்டயே கேளுங்க. அவங்கதான் படிச்சாங்க.” போனை என் கையில் திணித்தாள். என் இன்னொரு கையிலிருந்த செருப்பைப் பார்த்துச் சிரித்தாள். மகிழ்ச்சியில் ஓடிவந்தேன் என்று நினைத்திருக்கிறாள்.

“அக்கா.” தம்பியின் குரல். மூக்கை உறிஞ்சினான். “இங்க பக்கத்துல நிக்கறவர்கிட்டகூடச் சொல்லிட்டேன்க்கா. தோள்ல தட்டறார். எப்ப விடுவாங்க? இன்னிக்கேவா?”

அவளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று திரும்பிக்கொண்டேன். திரும்பிய பக்கத்திலும் பெண்கள் நின்றார்கள்.

“தம்பி, நான் தப்பாப் படிச்சுட்டேன்.”

“என்னது?”

“கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டுச் சொன்னேன்டா. அது ஒருத்தர் மட்டும் எழுதினது. மத்த ரெண்டு பேரும் தண்டனையை உறுதி பண்ணிட்டாங்க. நீ வரல. அக்காவை மன்னிச்சுடு.”

இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். தம்பி பெண்டாட்டி போர்வை மூட்டை மேல் உட்கார்ந்தாள். “ஏன்க்கா” என்றாள். “ஏன் சொன்னீங்க.” சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். என்னை அடித்திருந்தால் தேவலை.

நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்னென்னவோ சொன்னேன். இதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது, முப்பது நாள் இருக்கிறது, ஒருவர் மாறுபட்டு எழுதியதால் அங்கே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, எடுக்காமலும் போகலாம், வக்கீலம்மா பேசுவார். பொருள் சொல்லக்கூடாதவள் அத்தனையும் சொன்னேன்.

“அதை வக்கீல் பாத்துக்கட்டும்” என்றான். பிறகு கேட்டான், “அந்த ஒருத்தர் எத்தனை பக்கம் எழுதியிருக்கார்?”

“ஒம்பது.”

“ஒம்பது பக்கம். என்னைப் பத்தியா?”

“உன்னைப் பத்திதான்டா. அந்த ஜாக்கெட்டைப் பத்தி, புகையைப் பத்தி. உன்னை விட்டுடணும்னு எழுதியிருக்கார்.”

நாலு வருஷமாகக் கோர்ட்டு என்று பெயர் வைத்த எந்த இடத்திலும் அவனை நம்பிய ஆள் கிடையாது. அவன் அதை யோசித்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரிந்தது.

“கையில இருக்கா அது?”

“இருக்கு.”

“படி.”

செருப்புப் பிடித்த கையாலேயே கைப்பையிலிருந்து தாள்களை எடுத்துப் பதினைந்தாம் பக்கத்தைத் தேடினேன். தாள் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“எங்க போற? முதல் பக்கத்துலேருந்து படி அக்கா.”

“அங்கெல்லாம் உனக்கு எதிரா இருக்குடா.”

“இருக்கட்டும். என் கேஸ் எனக்கே இன்னும் முழுசாத் தெரியாது.”

நின்றுகொண்டே படித்தேன். கையில் செருப்பை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது? அதைக் கீழே போட்டேன். ஒரு பெயின்ட் கிடங்கு, ஒரு நவம்பர் மாலை, மேல்முறையீட்டாளர் அதற்கு ஏழு நாள் முன்பு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். வார்த்தை வார்த்தையாகப் படித்தேன், என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை. பக்கத்து இயந்திரத்தை ஒரு பெண் தானாகவே நிறுத்தினாள். தம்பி பெண்டாட்டி எழுந்து வந்து, போனின் மறுபக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டாள். இடையில் இரண்டு முறை, “இரு, அதைத் திரும்பப் படி” என்றான் தம்பி. ஓரிடத்தில், “அது பொய்” என்றான், அமைதியாக. நான் நிறுத்தினேன். “மேல படி” என்றான்.

ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று பதிவு செய்த குரல் குறுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனது.

“எதுல இருக்கோம்?” என்று கேட்டான்.

“ரெண்டாம் பக்கம் நடுவுல. தம்பி, நேரம் இல்ல. அவர் எழுதினதுல ஒரு வரியாவது படிச்சுடறேன்டா. இரு, இதோ எடுத்துட்டேன்.”

“வேணாம்க்கா. தாண்டாத.” சிரித்த மாதிரிதான் இருந்தது. “அடுத்த வியாழக்கிழமை இதே இடத்துலேருந்து படி. பதினஞ்சாம் பக்கம் வரும்போது வரட்டும். எனக்கு எட்டு வருஷம் இருக்கு, என்ன அவசரம்?”

லைன் அறுந்துவிட்டது.

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். தாள்களையும் வாங்கினாள். எந்த வரியில் நிறுத்தினேன் என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். சலவைக் கணக்கு எழுதும் பென்சிலைக் காதிடுக்கிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

“செருப்பைப் போட்டுக்குங்க, கீழெல்லாம் சோப்புத் தண்ணி” என்றாள்.